மழை வருடத்து உப்பும் கரிக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் வாசிக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாக வாசியுங்கள்.

ஹாக்கிப் பேச்சு வந்தால் எங்கள் கூட்டத்தில் இரண்டு சண்டைகள் கட்டாயம் வரும். ஒன்று, ‘இந்தியா போட்ட கோல்களிலேயே மறக்க முடியாத கோல் எது?’ இன்னொன்று, ‘1980இல் மாஸ்கோவில் வாங்கிய தங்கம் கணக்கில் சேருமா, சேராதா?’ முதல் சண்டை சிரிப்பில் முடிந்துவிடும். இரண்டாவது அப்படி முடியாது. போன வாரம் என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் இதற்காகவே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். “பாதி நாடு வராத போட்டி சார். ஆளில்லாத கோல்ல அடிச்ச மாதிரிதான்” என்றான் ஒருவன். “வராதவன் வராதது ஆடுனவன் தப்பால?” என்றான் மற்றவன். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க சார்” என்றார்கள். வாத்தியாரிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள். அனுபவிக்கட்டும்.

முதலில் ‘சீசன்’ என்ற சொல்லைப் பார்ப்போம். நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆறுமுகநேரியில் சீசன் என்றால் உப்புச் சீசன். தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து மிதித்து, தண்ணீர் பாய்ச்சி, உப்பு வாரத் தொடங்கினால் ஐப்பசி மழை வரைக்கும் வேலை இருக்கும். நடுவில் ஒரு கோடை மழை பலமாக அடித்துவிட்டால் பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருடம் வாரிய உப்பு குறைவாக இருக்கும். ஆனால் மழை வருடத்து உப்பு கரிக்காது என்று எந்த வியாபாரியாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அளவுதான் குறைந்ததே தவிர உப்பு உப்பாகத்தான் இருக்கிறது. அதே சமயம், அந்த வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்த உப்பளத் தொழிலாளிக்குப் போன கூலி போனதுதான். அடுத்த வருடம் நன்றாக விளைந்தது என்பதற்காக அது திரும்பி வராது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஹாக்கி வரலாற்றுக்குள் போவோம்.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முறையாக ஹாக்கியில் தங்கம் வாங்கியது. தியான் சந்த் அந்த ஒரே ஒலிம்பிக்கில் 14 கோல் போட்டார். அடுத்தது 1932, லாஸ் ஏஞ்சல்ஸ். உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். கடல் தாண்டி அமெரிக்கா போய்வரப் பல நாடுகளிடம் காசு இல்லை. ஹாக்கிக்கு எத்தனை அணிகள் வந்தன தெரியுமா? மூன்றே மூன்று: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. இந்தியா ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் ஜெயித்தது. அமெரிக்காவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் தியான் சந்தின் தம்பி ரூப் சிங் 10 கோலும், தியான் சந்த் 8 கோலும் போட்டார்கள். இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அமெரிக்காவுக்கு வெண்கலம் கிடைத்தது. மூன்று பேர் ஓடிய பந்தயத்தில் மூன்றாவது வந்தவருக்கும் பரிசு உண்டல்லவா?

இப்போது யோசியுங்கள். இந்தியா ஹாக்கியில் 8 ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறது என்று பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த எட்டில் 1932ஆம் வருடத் தங்கமும் ஒன்று. அதை யாரும் அரைத் தங்கம் என்று சொல்வதில்லை. ஆறு அணிகள் ஆடிய 1980ஐக் குறைத்துப் பேசுகிறவர்கள், மூன்று அணிகள் ஆடிய 1932ஐ மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்வது என்ன நியாயம்? மாஸ்கோவைப் பழிக்கும் தம்பி இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

அடுத்து பெர்லின். 1936 ஆகஸ்ட் 14 அன்று நடக்க வேண்டிய இறுதி ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. சரியாக 11 வருடம் கழித்து அதே தேதியில் நாடு விடுதலை பெறப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்! தியான் சந்த் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று ஜெயித்தது.

அதற்கப்புறம் 12 வருடங்கள் ஒலிம்பிக்கே கிடையாது. 1940ஆம் வருட ஒலிம்பிக் டோக்கியோவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சீனாவோடு போரில் இறங்கிய ஜப்பான் 1938இல் அதைக் கைவிட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கு மாற்றினார்கள். உலகப் போர் வந்து அதுவும் நின்றது. 1944இல் லண்டனில் நடந்திருக்க வேண்டியதும் நடக்கவில்லை. அந்த 1942இல் நம் பக்கமே கொந்தளித்துக்கொண்டிருந்தது. குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்ட வழக்கை உங்கள் தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் ஹாக்கிக் கோப்பையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

கவலைப்பட்டிருக்க வேண்டியவர்கள் சிலர் இருந்தார்கள். 1938இல் 20 வயதில் உச்ச ஆட்டம் ஆடிய ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒலிம்பிக் வரும்போது அவனுக்கு 30 வயது. முழங்கால் வலிக்கத் தொடங்கியிருக்கும். அவன் இடத்துக்கு வேறொருவன் வந்திருப்பான். நடக்காத ஆட்டத்தில் அவன் போட்டிருக்கக்கூடிய கோலுக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம் இல்லை. அப்படி எத்தனை பேர் என்பதைக்கூட யாரும் எண்ணி வைக்கவில்லை. உப்பளத்தில் போன கூலி என்று சொன்னேனே, அது இதுதான்.

அந்த இடைவெளியைத் தாண்டியவர்களும் உண்டு. ஏ.ஐ.எஸ். தாரா என்பவர் 1936இல் இந்தியாவுக்காக ஆடித் தங்கம் வாங்கியவர். 1948இல் லண்டனில் அவர் பாகிஸ்தான் அணியின் தலைவர். ஆட்டம் மறுபடி தொடங்கியபோது அவருடைய நாடே இரண்டாகியிருந்தது. 1948 ஆகஸ்ட் 12 அன்று, முதல் சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இந்தியா பிரிட்டனை 4-0 என்று ஜெயித்தது. அதில் இரண்டு கோல் பல்பீர் சிங் சீனியர் போட்டது. ஆண்ட நாட்டை அவர்கள் ஊரிலேயே வைத்து அடித்த கோல்கள் என்பதால், என் வயதுக்கு மூத்தவர்கள் எல்லோரும் ‘பெரிய கோல்’ என்று அவற்றைத்தான் சொல்வார்கள். 1952இல் ஹெல்சிங்கியில் நெதர்லாந்தை 6-1 என்று ஜெயித்த இறுதி ஆட்டத்தில் அதே பல்பீர் சிங் தனி ஆளாக 5 கோல் போட்டார்.

என் தலைமுறைக்கு 1975தான். கோலாலம்பூர் உலகக் கோப்பை. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். தெருவுக்கு ஒரு ரேடியோ இருந்தாலே அதிகம். வர்ணனையாளர் குரல் ஏறினால் நாங்களும் எழுந்து நிற்போம், இறங்கினால் உட்காருவோம். அரையிறுதியில் மலேசியா 2-1 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் மொத்தம் 70 நிமிடம். 65ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றி கோலைப் போட்டார். மார்ச் 15 அன்று இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்தோம். சுர்ஜித் சிங் சமன் செய்ய, தியான் சந்தின் மகன் அசோக் குமார் வெற்றி கோலைப் போட்டார். அந்தப் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது, கோலே இல்லை என்று பாகிஸ்தான்காரர்கள் வாதாடினார்கள். நடுவர் கோல் என்றார். அந்த அணியில் நம் தமிழ்நாட்டுக்காரர் வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் எங்கள் தெருவில் கிரிக்கெட் கிடையாது. வளைந்த கருவேலங்கம்பை வெட்டிச் செதுக்கி, பனங்கொட்டையைப் பந்தாக வைத்து, தேரி மணலில் ஹாக்கி ஆடினோம். கோல் விழுந்ததைவிடக் கணுக்காலில் விழுந்த அடி அதிகம்.

இனி 1980க்கு வருவோம்.

1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது. அதை எதிர்த்து அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வேறு பல நாடுகளும் சேர்ந்துகொண்டன. ஹாக்கியில் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நியூசிலாந்து எல்லாம் வரவில்லை. வந்தவை ஆறு அணிகள்: இந்தியா, ஸ்பெயின், சோவியத் யூனியன், போலந்து, கியூபா, தான்சானியா. தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று ஜெயித்தோம். இந்த எண்களைக் காட்டித்தான் ‘ஆளில்லாத கோல்’ என்கிறார்கள். சரி, மீதி எண்களையும் பார்க்க வேண்டாமா? போலந்தோடு 2-2. ஸ்பெயினோடு 2-2. சோவியத்தை 4-2 என்று ஜெயித்துத்தான் இறுதிக்குப் போக முடிந்தது. சும்மா நடந்துபோய் எடுத்த கோப்பை இல்லை அது.

அணியின் தலைவர் சென்னையைச் சேர்ந்த வி. பாஸ்கரன். நான் அப்போது ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தமிழர் இந்திய அணிக்குத் தலைமை தாங்குகிறார் என்பதே எங்களுக்குத் திருவிழா. நான்கு வருடம் முன்பு மான்ட்ரியலில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆட்டம் நடந்தபோது இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியிருந்தது. மண்ணிலும் புல்லிலும் பழகிய நம் பிள்ளைகளுக்கு அந்தத் தரை புதிது. அந்த அடிக்குப் பிறகு எழுந்து நின்ற அணி இது.

ஜூலை 29 அன்று இறுதி ஆட்டம். எதிரில் ஸ்பெயின். சுரீந்தர் சிங் சோதி இரண்டு கோல். எம்.கே. கௌஷிக் மூன்றாவது கோல். 3-0. இனிக் கவலையில்லை என்று நினைத்த நேரத்தில் ஸ்பெயினின் ஹுவான் அமாத் இரண்டு கோலைத் திருப்பினார். நம் முகமது ஷாகித் ஒன்று போட்டார், 4-2. அமாத் மறுபடியும் ஒன்று, 4-3. அங்கேயிருந்து கடைசி விசில் வரைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும், அது காலி மைதானமா இல்லையா என்று.

மறக்க முடியாத கோல் எது என்ற முதல் சண்டைக்கு என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சோதியையும் ஷாகித்தையும் சொல்வார்கள். நான் கௌஷிக் போட்ட மூன்றாவது கோலைச் சொல்வேன். 4-3 என்ற கணக்கில் அந்த ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். 3-3. இந்தியாவின் எட்டாவது தங்கம் அந்தரத்தில் தொங்கும்.

அதே மாஸ்கோவில்தான் பெண்கள் ஹாக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. வர வேண்டிய அணிகள் வராததால் கடைசி நேரத்தில் ஜிம்பாப்வேயை அழைத்தார்கள். அந்த நாடு விடுதலை பெற்றே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவசரமாகச் சேர்த்த அணி. அவர்கள்தான் தங்கம் வாங்கினார்கள். நம் பெண்கள் நான்காவது வந்தார்கள். கடைசி நேரத்தில் வந்த அழைப்புக்குத் தயாராக இருந்தார்களே, அதைப் பாராட்டுவோமா, அழைப்பு தாமதமாக வந்ததைச் சொல்லிக் கேலி செய்வோமா?

ஆனால் நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் ரிக் சார்ல்ஸ்வொர்த் உலகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். 1976இல் வெள்ளி வாங்கியவர். 1980 அணியிலும் இருந்தார். அணி போகவில்லை. 1984, 1988 இரண்டிலும் ஆஸ்திரேலியா நான்காவது இடம். ஆட்டக்காரராக அவருக்கு ஒலிம்பிக் தங்கம் கடைசி வரை கிடைக்கவே இல்லை. பிறகு பயிற்சியாளராகி ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்கு 1996, 2000 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அது வேறு கணக்கு. ஆடுகிற வயதில் போனது போனதுதான். நம் தங்கம் முழுத் தங்கம், அவருடைய இழப்பும் முழு இழப்பு. ஒன்றை ஒப்புக்கொள்வதற்காக மற்றதை மறுக்க வேண்டியதில்லை.

இது ஹாக்கிக்கு மட்டும் உள்ள வழக்கா? இல்லை. நம் மாணவி ஒருத்தி அயர்லாந்தில் செவிலியராக இருக்கிறாள். “சார், இங்கயும் மட்டையும் பந்தும் வச்சு ஒரு ஆட்டம் ஆடுறாங்க, ஹாக்கிக்கு அண்ணன் மாதிரி இருக்கு” என்று ஒரு முறை வீடியோ அனுப்பினாள். அந்த ஆட்டத்துக்கு ஹர்லிங் என்று பெயர். பந்தைத் தரையிலும் அடிக்கலாம், ஆகாயத்திலும் அடிக்கலாம். கோலுக்குள் போனால் மூன்று புள்ளி, கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி. தேடிப் படித்ததில் எனக்கு இரண்டு வருடங்கள் கிடைத்தன.

ஒன்று 1941. அங்கே மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியது. நோய் ஊர்விட்டு ஊர் போகக்கூடாது என்று டிப்பரேரி அணியை ஆட விடவில்லை. டிப்பரேரியோடு மன்ஸ்டர் மாகாண இறுதி ஆட்டம் ஆட வேண்டிய கார்க் அணி, அதை ஆடாமலே நேராக அகில அயர்லாந்துப் போட்டிக்குப் போய், செப்டம்பரில் கோப்பையை வாங்கியது. நோய் அடங்கியபின் அக்டோபரில் பாக்கியிருந்த மாகாண இறுதியை நடத்தினார்கள். டிப்பரேரி ஜெயித்தது! நாட்டுக்குச் சாம்பியன் கார்க், கார்க்கை ஜெயித்தது டிப்பரேரி. மாட்டுக்கு வந்த காய்ச்சல் மட்டை ஆட்டத்தை எப்படிச் சுற்றிவிட்டது பார்த்தீர்களா? கார்க்கின் கோப்பையை யாரும் பிடுங்கவில்லை. டிப்பரேரிக்காரர்கள் அதை மறக்கவும் இல்லை.

இன்னொன்று 2020. கோடையில் முடிய வேண்டிய அந்த வருடப் போட்டி கொரோனாவால் குளிர்காலத்துக்குத் தள்ளிப்போய், டிசம்பர் 13 அன்று பார்வையாளரே இல்லாத டப்ளின் குரோக் பார்க்கில் இறுதி ஆட்டம் நடந்தது. லிமரிக் அணி 30 புள்ளி, வாட்டர்போர்டு 19 புள்ளி. அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட விழவில்லை, எல்லாமே சட்டத்துக்கு மேலே அடித்த ஒற்றைப் புள்ளிகள். கோல் இல்லை, கைதட்ட ஆளில்லை. கோப்பை மட்டும் கோப்பைதான்.

கொரோனா என்றதும் உங்கள் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். எனக்கு நினைவில் நிற்பது ஒரு தேதி. 2020 மார்ச் 24. அன்றைக்குத்தான் டோக்கியோ ஒலிம்பிக் ஒரு வருடம் தள்ளிவைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அன்று இரவுதான் நாடு முழுவதும் ஊரடங்கு என்ற அறிவிப்பும் வந்தது. 80 வருடம் முன்பு ஒரு டோக்கியோ ஒலிம்பிக் போரில் போனது. இது நோயில் தள்ளிப்போனது.

அந்த ஊரடங்கின் நடுவில், 2020 மே 25 அன்று, 1948 கோல்களின் நாயகன் பல்பீர் சிங் காலமானார். அடுத்த வருடம் 2021 மே 8 அன்று, மாஸ்கோவில் அந்த மூன்றாவது கோலைப் போட்ட கௌஷிக்கும், அதே அணியில் ஆடிய ரவீந்தர் பால் சிங்கும் ஒரே நாளில் கொரோனாவுக்குப் பலியானார்கள். கௌஷிக், 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியபோது பயிற்சியாளராக இருந்தவர். இன்னும் மூன்று மாதம் இருந்திருந்தால் டோக்கியோவைப் பார்த்திருப்பார்.

டோக்கியோவில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆஸ்திரேலியாவிடம் 7-1 என்று அடி வாங்கினோம். அரையிறுதியில் பெல்ஜியத்திடம் 5-2. ஆகஸ்ட் 5, காலை 7 மணிக்கு ஜெர்மனியோடு வெண்கலத்துக்கான ஆட்டம். 1-3 என்று பின்னால் கிடந்தோம். ஹர்திக் சிங் ஒன்று, ஹர்மன்பிரீத் சிங் ஒன்று, ரூபிந்தர் பால் சிங் ஒன்று, முன்பே ஒன்று போட்டிருந்த சிம்ரன்ஜீத் சிங் மறுபடியும் ஒன்று. 5-3. ஜெர்மனி ஒன்று திருப்பி 5-4. ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 வருடத்துக்குப் பிறகு ஒரு ஒலிம்பிக் பதக்கம். மைதானத்தில் ரசிகர்கள் கிடையாது. நம் ஊரிலும் பள்ளிக்கூடங்கள் மூடித்தான் கிடந்தன. வீட்டில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

நம் மாவட்டத்திலேயே கோவில்பட்டி இருக்கிறது. கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் மட்டும் இல்லை, ஹாக்கிக்கும் பெயர்போன ஊர். அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன், கார்த்தி செல்வம் இருவரும் 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம் பிடித்தார்கள். மே 23 அன்று ஜகார்த்தாவில் பாகிஸ்தானோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே கார்த்தி செல்வம் கோல் போட்டார். இந்தியா வெண்கலம் வாங்கியது. கார்த்தி 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அணியிலும் இருந்தார். மலேசியாவை 4-3 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கினோம். ஊரடங்கின்போது இவர்கள் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். இடைவெளியைத் தாண்டி வந்துவிட்டார்கள், சந்தோஷம்.

தாண்ட முடியாதவர்களை நினைத்துப் பாருங்கள். பள்ளி விளையாட்டு எல்லாமே வயதுக் கணக்கில் ஓடுவது. 14 வயதுக்குள், 17 வயதுக்குள், 19 வயதுக்குள். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி என்று குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏற வேண்டும். 2020-21இல் பள்ளிக்கூடமே சரியாகத் திறக்காதபோது போட்டிக்கு எங்கே போவது? அந்த வருடம் பிளஸ் டூவில் இருந்த பிள்ளைக்கு 19 வயதுக்குள் ஆடும் கடைசி வாய்ப்பு கரைந்துபோனது. அடுத்த வருடம் மைதானம் திறந்தது. அவன் வயது அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பையன் ஒருவன் அப்படி இருக்கிறான். பெயர் வேண்டாம். ஓட்டத்தில் நம் பக்கத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வருடம் மாநில அளவுக்குப் போயிருப்பான் என்று அவனைப் பயிற்றுவித்தவர்களே சொன்னார்கள். இப்போது ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறான். ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, “விளையாட்டு வீரர்ங்கிறீங்க, கடைசி வருஷ சர்ட்டிபிகேட் எங்கே? மார்க்கும் ஆல் பாஸ் மார்க்குதானே” என்று சிரித்தார்களாம். இதை என்னிடம் சொல்லும்போது அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

‘ஆல் பாஸ் பேட்ச்.’ இந்தப் பட்டத்தை எத்தனை சுலபமாகச் சூட்டிவிட்டோம்! 2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேர்ச்சி. 2021 ஜூன் 5 அன்று பிளஸ் டூ தேர்வு ரத்து. தேர்வு வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. நோய் வந்தது, பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். ‘பாதி நாடு வராத தங்கம்’ என்று சொல்கிற அதே வாய்தான் ‘பரீட்சை எழுதாத பாஸ்’ என்றும் சொல்கிறது. மாஸ்கோ பற்றிய சண்டையை நான் விளையாட்டுச் சண்டையாக மட்டும் எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

நம் ஊருக்கு இது ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை யார் மறப்பார்கள்? பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அரையாண்டுத் தேர்வு நேரம். புத்தகம், சீருடை, சர்ட்டிபிகேட் எல்லாம் தண்ணீரோடு போன வீடுகள் எத்தனை! மைதானமும் உப்பளமும் ஒன்றுபோலக் கிடந்தன. கொரோனாவில் ஒரு வருடத்தைத் தொலைத்த அதே பிள்ளைகளில் சிலர் வெள்ளத்தில் இன்னொன்றையும் தொலைத்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. தடைபட்ட சீசனில் ஆடினவர்கள் வாங்கியதை முழுசாகக் கணக்கில் எழுதுங்கள். ஆட முடியாமல் போனவர்கள் இழந்ததையும் முழுசாகக் கணக்கில் எழுதுங்கள். முதலாவதை ஓரளவு செய்கிறோம். இரண்டாவதை உலகத்தில் யாருமே சரியாகச் செய்வதில்லை. நாமாவது நம் ஊர் அளவில் செய்யலாமே என்றுதான் கேட்கிறேன்.

என்ன செய்யலாம்? உங்களில் பலர் இன்று ஆபீசுகளிலும் கம்பெனிகளிலும் ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் 2020, 2021 காலியாக இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று வாசிக்காதீர்கள். “அப்போ என்ன ஆடிக்கிட்டிருந்தே, என்ன படிச்சுக்கிட்டிருந்தே?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஊரில் போட்டி நடத்தும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. தியான் சந்த் பிறந்த ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். அன்றைக்கு, அந்த இரண்டு வருடங்களில் 19 வயது தாண்டிய பிள்ளைகளுக்கென்றே ஒரு போட்டி வையுங்கள். ஹாக்கியோ கால்பந்தோ கபடியோ, எதுவாக இருந்தாலும் சரி. கோப்பை பெரிதாக வேண்டாம். ஒரு தாளில் அவன் பெயரும் வருடமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தத் தாளைக் காட்டி வேலை கிடைக்காமல் போகலாம். ‘உன் வருடத்தை நாங்கள் மறக்கவில்லை’ என்று அது சொல்லும். முதல் போட்டிக்கு உண்டான பழம், சர்பத் செலவு என்னுடையது.

இனி நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு மறக்க முடியாத கோல் எது? கொரோனாவிலோ வெள்ளத்திலோ நீங்கள் ஆட முடியாமல் போன ஆட்டம் எது? வெட்கப்படாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வைக்கப் போகிறேன். மாஸ்கோ சண்டை போட்ட அந்த இரண்டு பேரும் முதலில் எழுத வேண்டும். கையெழுத்து அழகாக இல்லாவிட்டாலும் எழுத்துப்பிழை இருக்கக் கூடாது!

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
ஆறுமுகநேரி.